மேசையைச் சுவரிலிருந்து இழுங்கள்

கொழும்பு கிருலப்பனையில் ஓர் அறையைப் பிடித்து, கடைகளுக்கும் வீட்டுத் தொழில்களுக்கும் பொருட்படம் எடுத்துக் கொடுக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: பின்புலம் பட்டுப்போல மங்கி வர எந்த லென்ஸ் வாங்க வேண்டும்? லென்ஸைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் மேசையைச் சுவரிலிருந்து ஒன்றரை மீற்றர் இழுத்துப் போடுங்கள்.

இதற்குக் கணக்கு இருக்கிறது. ஏபிஎஸ்-சி சென்சர் உள்ள சாதாரண கமரா, 50 மில்லிமீற்றர் லென்ஸ், அப்பர்ச்சர் எஃப் 4, பொருள் லென்ஸிலிருந்து 60 சென்ரிமீற்றர் தூரத்தில் என்று வைத்துக்கொள்வோம். பின்புலத் துணி பொருளுக்கு 30 சென்ரிமீற்றர் பின்னால் தொங்கினால் ஓரளவு மங்கும். அதே துணியை ஒன்றரை மீற்றர் பின்னுக்குக் கொண்டுபோனால் மங்கல் இரண்டு மடங்குக்கும் சற்று அதிகமாகிறது. லென்ஸில் கை வைக்கவில்லை, பொருளின் தெளிவு ஒரு மயிரிழையும் குறையவில்லை. இதே மங்கலை அப்பர்ச்சரைத் திறந்து எடுக்கப் போனால் எஃப் 4இலிருந்து எஃப் 1.8 பக்கம் இறங்க வேண்டும். அப்போது தெளிவாக நிற்கும் ஆழம் இரண்டு சென்ரிமீற்றரிலிருந்து ஒன்றாகச் சுருங்கிவிடும். கோப்பையின் முன்விளிம்பு தெரியும், கைபிடி கரைந்துபோகும். வாடிக்கையாளர் காசு தருவது கோப்பைக்காக.

சின்ன அறைக்காரர் மகிழ்ச்சிப்பட இன்னொன்றும் இந்தக் கணக்கில் இருக்கிறது. ஒன்றரை மீற்றரைத் தாண்டினால் இலாபம் சட்டென்று குறைகிறது. மூன்று மீற்றராக்கினால் கூடுவது ஏறத்தாழ 17 வீதம். பின்புலத்தை வெள்ளவத்தைக் கடலுக்கு அப்பால் தள்ளி வைத்தாலும் 40 வீதம்தான் கூடும். ஆக, உங்கள் தலைக்குப் பின்னால் கொஞ்சம் இடத்தையும் சேர்த்து, மூன்று மீற்றர் நீளமுள்ள அறை இருந்தால் வேலை நடக்கும். ஹைலெவல் வீதியை ஒட்டிய தொடர்மாடிகளில் படுக்கையறைகளே அந்த நீளத்துக்கு வந்துவிடும். கட்டிலை ஒரு பக்கம் நிமிர்த்தி வையுங்கள்.

கமராவோடு சேர்ந்து வரும் 18–55 லென்ஸை யாரும் மதிப்பதில்லை. அதை 55இல் வைத்து, எஃப் 5.6இல், பொருளுக்கு அரை மீற்றர் வரை நெருங்கி, பின்புலத்தை அதே ஒன்றரை மீற்றரில் நிறுத்திப் பாருங்கள். மேலே சொன்ன 50 மில்லிமீற்றர் எஃப் 4 படத்தைவிட இதில் மங்கல் ஒரு பிடி அதிகமாகவே வரும், நெருங்கிப் போனதுதான் காரணம். முதல் மூன்று நான்கு வேலைகளை இந்த லென்ஸால் முடித்து, அந்த வருமானத்தில் அடுத்ததை வாங்குங்கள். கடன்பட்டு லென்ஸ் வாங்கித் தொழில் தொடங்குவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

தெளிவை முதலில் தீர்மானியுங்கள்

மங்கலைப் பற்றி யோசிக்குமுன் எது தெளிவாக இருக்க வேண்டும் என்று முடிவெடுக்க வேண்டும். அதைப் படம் எடுப்பவர் தனியாகத் தீர்மானிக்க முடியாது. பொருளை வாங்குகிறவர் எதைப் பார்த்து விலை மதிக்கிறார் என்பதை வாடிக்கையாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கறுவாவை எடுத்துக்கொள்வோம். இலங்கைக் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு வழங்கியது. அதற்குப் பிறகு ஏற்றுமதி செய்கிறவர் தன் பொதியில் இடும் படத்தில் ஒன்றைக் காட்டியே ஆகவேண்டும்: குச்சியின் வெட்டுமுனை. நம் கறுவாவில் காகிதம் போன்ற மெல்லிய பட்டைகள் பல, ஒன்றுக்குள் ஒன்று சுருண்டு, முனையில் சுருட்டின் குறுக்குவெட்டுப் போல நெருக்கமாகத் தெரியும். காசியா என்ற மலிவுப் பட்டை தடித்த ஒரே சுருளாக, நடுவில் பெரிய ஓட்டையோடு இருக்கும். மிக உயர்ந்த தரமான அல்பா குச்சி ஆறு மில்லிமீற்றர் விட்டத்துக்கு உட்பட்டது. குச்சிகளைக் கட்டாகக் கட்டி மேசையில் சரித்துவைத்து, எஃப் 1.8இல் நடுத்தண்டில் ஃபோகஸ் வைத்து எடுத்தால் படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் வாங்குகிறவர் தேடுகிற முனை மங்கிக் கிடக்கும். முனைகள் எல்லாம் கமராவின் முகத்துக்கு இணையாக ஒரே தளத்தில் வரும்படி கட்டைத் தட்டிச் சமப்படுத்துங்கள். அப்பர்ச்சரை எஃப் 5.6இல் வையுங்கள். தண்டு பின்னோக்கி மெல்லக் கரையட்டும், இந்தப் படத்தில் கரைய வேண்டியது அதுதான்.

அந்த இணைத்தளம் என்ற விஷயத்தைக் கையில் பிடித்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். தெளிவான பகுதி கண்ணாடித் தகடு போல கமராவுக்கு இணையாக நிற்கிறது. பொருளின் முக்கியமான பக்கத்தைத் தகட்டுக்குள் கொண்டுவரப் பொருளையோ கமராவையோ சில பாகை திருப்பினால் போதும், அப்பர்ச்சரை மூட வேண்டியதில்லை. 60 சென்ரிமீற்றர் தூரத்தில் 50 மில்லிமீற்றர் லென்ஸின் தகட்டுத் தடிப்பு எஃப் 4இல் ஏறத்தாழ இரண்டு சென்ரிமீற்றர், எஃப் 8இல் நான்கு. எண் இரட்டித்தால் தடிப்பும் இரட்டிக்கும். ஃபோகஸ் வைத்த இடத்துக்கு முன்னே மூன்றிலொரு பங்கு, பின்னே மூன்றிலிரு பங்கு என்று பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள். மேசைத் தூரத்தில் அது பொருந்தாது. முன்னும் பின்னும் ஏறத்தாழச் சரிபாதிதான். போத்தலின் லேபிளில் ஃபோகஸ் வைத்துவிட்டு, பின்னால் வைத்த கரண்டி ஏன் மங்கியது என்று திகைப்பவர்கள் இதை நினைவில் வைக்கட்டும்.

நகை வேறு உலகம். செட்டியார் தெருக் கடை ஒன்று ஜிமிக்கிகளைத் தந்து படம் கேட்டால், எட்டு சென்ரிமீற்றர் அகலத்தில் சட்டத்தை நிரப்பும் அளவுக்கு நீங்கள் நெருங்க வேண்டும். அந்த நெருக்கத்தில் எஃப் 8 கூட அரை சென்ரிமீற்றர் ஆழத்தைத்தான் தரும். கொக்கி தெரியும், குடை மங்கும். எஃப் 16, எஃப் 22 என்று மூடிக்கொண்டே போனால் ஒளி சிறு துளையில் சிதறி முழுப் படமுமே மெழுகு பூசியதுபோல ஆகிவிடும், கல்லின் பட்டை மழுங்கும். ட்ரைபொட்டில் கமராவை இறுக்கி, எஃப் 8இல் நின்று, ஃபோகஸை முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை சிறிது சிறிதாக நகர்த்திப் பத்துப் படங்கள் எடுத்து, ஃபோட்டோஷொப்பில் ஓட்டோ-அலைன், ஓட்டோ-பிளென்ட் கொடுத்து ஒன்றாக்குங்கள். நகை முழுக்கக் கூர்மையாக நிற்க, பின்புலம் அப்படியே கரைந்திருக்கும். பின்விளிம்பு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். இன்னும் இரண்டு படம் கூட எடுத்தால் பின்னாலுள்ள துணியின் இழையும் தெளிவாகி, செய்த வேலை எல்லாம் வீணாகும்.

எவ்வளவு மங்கல் போதும்

முழுக்கக் கரைந்த பின்புலம் எளிதில் கிடைக்கிறது. அதனாலேயே அளவுக்கு மிஞ்சிப் பயன்படுகிறது. வெண்ணெய் பூசிய சுவர் போன்ற ஒரு பின்புலத்துக்கு முன்னால் ஒரு அச்சாறுப் போத்தலை நிறுத்தினால், அது யாழ்ப்பாணத்தில் அடைத்ததா, வேறெங்கோ அடைத்ததா என்று படம் எதுவுமே சொல்லாது. பின்னால் இருப்பது என்னவென்று கண்டுகொள்ள முடியவேண்டும், ஆனால் கண் அங்கே போய் நின்றுவிடக் கூடாது. என் கணிப்பில் பெரும்பாலான விற்பனைப் படங்களுக்கு இந்த அரை மங்கல்தான் வேலை செய்கிறது. அதற்குப் பின்பொருளை 30, 40 சென்ரிமீற்றரில் வைத்து எஃப் 4, எஃப் 5.6இல் எடுங்கள். முழு மங்கல் வேண்டுமானால் ஒன்றரை மீற்றருக்குத் தள்ளுங்கள்.

இதைப் பழகக் கிருலப்பனைச் சந்தையைவிட நல்ல இடம் இல்லை. காலையில் போய், கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, அவர் கையிலிருந்தே அரைக் கிலோ தக்காளி வாங்கி, அவருடைய குவியல்களுக்கு முன்னால் ஒன்றை வைத்துப் படம் எடுங்கள். போஞ்சியும் கரட்டும் கத்தரிக்காயும் எவ்வளவு மங்கினாலும் நிறத்தால் தங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். பச்சை, செம்மஞ்சள், ஊதா என்று திட்டுத் திட்டாக நின்று சந்தை என்று சொல்லும். உருளைக்கிழங்கும் வெங்காயமும் மங்கினால் மண்குவியல்தான். மங்கலில் வடிவம் போய்விடும், நிறமும் வெளிச்சமும் போகாது. ஆகவே பின்புலப் பொருளை நிறத்துக்காகத் தெரிவு செய்யுங்கள்.

இதே காரணத்தால்தான் மங்கல் குப்பையை மறைக்கும் என்ற நம்பிக்கையும் பொய்க்கிறது. வீட்டில் கேக் செய்து விற்கிற ஒரு அக்கா கேட்டது எல்லா வீட்டுத் தொழிலாளர்களும் கேட்பதுதான்: “தம்பி, கேக் வடிவா தெரியோணும், ஆனா பின்னால எங்கட குசினி தெரியக்கூடாது.” அப்பர்ச்சரைத் திறந்தால் குசினி மங்கும். ஆனால் காஸ் சிலிண்டரின் நிறமும், கழுவி வைத்த எவர்சில்வர் பாத்திரத்தின் பளிச்சிடும் புள்ளியும், பிளாஸ்டிக் வாளியின் சிவப்பும் மங்கிய நிலையிலும் கேக்கோடு போட்டி போடும். மங்கலாக்குமுன் ஒதுக்க வேண்டும். சட்டத்தின் ஓரங்களில் பளிச்சென்று ஏதாவது இருக்கிறதா என்று கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். பொருளைவிட வெளிச்சமான எதையும் அகற்றுங்கள், அகற்ற முடியாவிட்டால் அதன்மேல் விழும் வெளிச்சத்தைக் கறுப்பு மட்டையால் மறியுங்கள். பின்புலம் பொருளைவிட ஒரு படி இருட்டாக இருந்தால் பாதி மங்கலிலேயே பொருள் முன்னால் வந்து நிற்கும்.

வேறொரு நிறுவனத்தின் லேபிள் பின்னால் வாசிக்கக்கூடிய அளவில் இருக்கக் கூடாது என்பதும் இதில் சேரும். போத்தலைத் திருப்பி வைத்துவிடுங்கள். பிற்பாடு மங்கலாக்கிக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த எழுத்துகள் அரைகுறையாகத் தெரிந்து வம்பு தரும்.

மங்கலைத் துணிந்து கையாண்ட ஒரு படப்பிடிப்பாளர் நம் மண்ணிலேயே உறங்குகிறார். 1815இல் கல்கத்தாவில் பிறந்து, நாற்பத்தெட்டு வயதில் முதல் கமராவைக் கையில் எடுத்த ஜூலியா மார்கரெட் கமரன், 1875இல் இலங்கைக்குக் குடிவந்து 1879இல் இங்கேயே இறந்தார். பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கம். ஃபோகஸ் வைக்கத் தெரியாதவர் என்று இங்கிலாந்தில் அவரை இகழ்ந்தார்கள். லென்ஸைத் திருப்பிக்கொண்டே வரும்போது கண்ணுக்கு அழகாகத் தோன்றிய இடத்தில் நிறுத்திவிடுவதே தன் வழக்கம் என்று அவர் எழுதிவைத்திருக்கிறார். அவர் எடுத்தது மனித முகங்களை, நாம் எடுப்பது போத்தலையும் பொதியையும். ஆனாலும் எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அப்பர்ச்சர் எண்ணைப் பார்த்துத் தீர்மானிக்காமல் திரையில் பெரிதாக்கிக் கண்ணால் தீர்மானிக்கும் பழக்கத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். எஃப் 2.8இலிருந்து எஃப் 8 வரை ஒவ்வொரு படியாக ஒரே காட்சியை எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முடிந்தால் சிறிய அளவிலாவது அச்சிட்டுப் பாருங்கள். கொழும்பு ஏழிலுள்ள லயனல் வென்ட் கலையரங்கில் புகைப்படக் கண்காட்சி நடக்கும்போது தவறவிடாதீர்கள். போன் திரையில் ஒன்றுபோலத் தெரிகிற இரண்டு மங்கல்கள் சுவரில் தொங்கும் அச்சில் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை அங்கே காணலாம்.

அறைக்குள் கிடைக்கும் பின்புலங்கள்

50 மில்லிமீற்றர் லென்ஸில், மேலே சொன்ன தூரங்களில், பின்னால் ஏறத்தாழ ஒரு மீற்றர் அகலம் மட்டுமே சட்டத்துக்குள் வரும். சேலையின் அகலம் அதற்குப் போதும். வெள்ளவத்தையில் வாங்கிய சாதாரணப் பருத்திச் சேலை ஒன்றைக் கயிற்றில் கிளிப் போட்டுக் கிடையாகத் தொங்கவிட்டால் ஒரு பின்புலம் தயார். சரிகைக் கரை பொருளின் தலைக்கு மேலாகக் கிடையாக ஓடினால் மங்கிய பொன்கோடாக அழகு சேர்க்கும். பொருளின் நடுவே வெட்டிக்கொண்டு ஓடினால் கழுத்தை அறுத்ததுபோல இருக்கும். சின்னக் கட்டம், நெருக்கமான கோடு உள்ள துணிகளைத் தவிருங்கள். அரை மங்கலில் அவை இரட்டைக் கோடுகளாகத் துடிக்கும். 85 மில்லிமீற்றர் லென்ஸ் வாங்கும் நாள் வந்தால், பொருள் அதே அளவில் தெரிய நீங்கள் பின்னுக்கு நகர்ந்த பிறகும், பின்புல அகலம் 70 சென்ரிமீற்றராகக் குறைந்துவிடும். நீள லென்ஸின் உண்மையான பயன் சின்ன வீட்டில் இதுதான்: மறைக்க வேண்டிய இடம் குறைகிறது.

கொழும்பு யன்னல்களில் கம்பி இல்லாத யன்னல் அரிது. யன்னலைப் பின்புலமாக வைத்தால் கம்பிகள் எவ்வளவு மங்கினாலும் நெட்டுக்கோடுகளாகப் பொருளின் தலையில் முளைக்கும். ட்ரேசிங் கடதாசியைக் கம்பியின் உட்பக்கமாக ஒட்டுங்கள், கம்பி மறைந்து பால்வெளிச்சம் மட்டும் உள்ளே வரும். இங்கே மங்கலைச் செய்வது லென்ஸ் அல்ல, கடதாசி. செக் நாட்டின் யோசெஃப் சுடெக் 1940 முதல் 1954 வரை பிராக் நகரிலுள்ள தன் ஸ்டூடியோ யன்னலையே திரும்பத் திரும்ப எடுத்தார். ஈரம் படிந்த கண்ணாடிக்கு வெளியே மரமும் முற்றமும் கரைந்து நிற்க, யன்னல் விளிம்பில் ஒரு குவளை. பெரிய அப்பர்ச்சர் எதுவும் அங்கே தேவைப்படவில்லை. மழைக்காலத்து மாலையில் உங்கள் யன்னல் கண்ணாடியில் நீர்த்துளி படியும்போது அதைத் துடைக்காமல் ஒரு முறை முயன்று பாருங்கள்.

மங்கலே இல்லாமல் பொருளைத் தனித்துக் காட்டவும் வழி உண்டு. அமெரிக்கரான எட்வர்ட் வெஸ்டன் 1930இல் எடுத்த குடைமிளகாய்ப் படம் உலகப் புகழ் பெற்றது. மிளகாயை ஒரு தகரப் புனலுக்குள் வைத்து, மிகச் சிறிய அப்பர்ச்சரில், மிக நீண்ட எக்ஸ்போஷரில் எடுத்தார். வளைந்த தகரத்தில் மூலையோ விளிம்போ இல்லை, பின்னால் இருப்பது வெறும் இருட்டாகவே தெரிகிறது. பிறிஸ்டல் போர்ட் ஒன்றை மேசையிலிருந்து சுவர் வரை வளைத்து ஒட்டும்போது நாமும் அதையே செய்கிறோம். மூலை தெரியாத இடத்தில் மங்கலுக்கு வேலை குறைவு. மேலிருந்து நேராகக் கீழே பார்த்து எடுக்கும் படங்களில் மங்கலைத் தேடவே வேண்டாம். தட்டும் மேசையும் ஒட்டியே இருக்கின்றன, தூரம் இல்லாத இடத்தில் மங்கல் பிறக்காது. மங்கல் வேண்டும் என்றால் கமராவை மேசை மட்டத்துக்கு இறக்குங்கள். அப்போது பின்புலம் மேசைப் பலகையிலிருந்து தூரத்துச் சுவருக்கு மாறிவிடும்.

வெளிச்ச வட்டங்கள் கேட்டு வரும் வேலைகள் தீபாவளி, நத்தார், வெசாக் காலங்களில் கூடும். ஹைலெவல் வீதியைப் பார்த்த பல்கனி உள்ளவருக்கு இதற்குத் தனிச் செலவில்லை. சுவர்த்திட்டில் ஒரு கண்ணாடிக் குவளையில் தேநீரை வையுங்கள். 50 மில்லிமீற்றர் லென்ஸ், எஃப் 2, குவளைக்கு 60 சென்ரிமீற்றர். தூரத்தில் நிற்கும் 138 பஸ்ஸின் சிவப்பு விளக்கு ஒவ்வொன்றும் படத்தின் அகலத்தில் பத்திலொரு பங்கு அளவு வட்டமாக விரியும். அது பெரிதாகப் பட்டால் எஃப் 4க்குப் போங்கள், பாதியாகும். நமக்குச் சூரியன் ஆண்டு முழுவதும் ஆறு மணி, ஆறரை மணி அளவில் மறைந்துவிடுகிறது. அதன்பின் வானத்தில் நீலம் தங்கியிருப்பது இருபது நிமிடம் அளவுதான். ட்ரைபொட்டையும் குவளையையும் அதற்கு முன்பே அமைத்து, தேநீரை மட்டும் கடைசியில் ஊற்றுங்கள். குவளைக்குப் பக்கவாட்டில் ஒரு சிறு எல்ஈடி விளக்கு, எதிர்ப்பக்கம் வெளிச்சத்தைத் திருப்பித் தர ஒரு துண்டு ரெஜிபோம்.

பாவித்த லென்ஸ் வாங்கப் போகிறவர் இந்த வட்டங்களை வைத்தே பேரம் பேசலாம். 1990இல் வந்த பழைய கெனன் 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 இரண்டாம் பதிப்பில் அப்பர்ச்சர் தகடுகள் ஐந்துதான். முழுக்கத் திறந்தால் வட்டம், கொஞ்சம் மூடினாலே ஐங்கோணம். 2015இல் வந்த எஸ்டிஎம் பதிப்பில் வளைந்த ஏழு தகடுகள், எஃப் 2.8இலும் உருண்டை ஓரளவு தங்கும். நெருங்கும் தூரமும் 45 சென்ரிமீற்றரிலிருந்து 35 ஆகக் குறைந்தது. பொருட்படம் எடுக்கிறவருக்கு இந்தப் பத்து சென்ரிமீற்றர் பெரிய உதவி.

போனில் எடுப்பவர்களுக்கு

போன் பின்புலத்தை மங்கலாக்கும் போர்ட்ரெயிட் மோட், 2016இல் ஐபோன் 7 பிளஸில் வந்தபோது முகங்களுக்காக வந்தது. அது எது முன்னால், எது பின்னால் என்று ஊகித்து, பின்னாலுள்ளதைக் கணிப்பில் மங்கலாக்குகிறது. முகத்தில் சரியாகச் செய்வதைக் கண்ணாடிக் குவளையில் தவறாகச் செய்யும். கோப்பையின் காதுக்குள் தெரியும் சுவர் மங்காமல் நிற்கும். மெழுகுவர்த்தித் திரி, மல்லிகைச் சரத்தின் நார், சங்கிலியின் வளையம், தேநீரின் ஆவி எல்லாம் பாதி அழிந்துபோகும். வாங்குகிறவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ பொய் என்று மனதில் படும். உணவுக்கும் நகைக்கும் கண்ணாடிக்கும் அதை அணைத்துவிடுங்கள். போனின் முதன்மை லென்ஸில் ஃபோகஸ் பிடிக்கும் எல்லை வரை நெருங்கி, பின்புலத்தை ஒன்றரை மீற்றர் தள்ளினால் உண்மையான மங்கலே கிடைக்கும். சில போன்கள் நெருங்கியதும் தாமாகவே அகல லென்ஸுக்கு மாறி மங்கலைக் கெடுக்கும். செட்டிங்கில் மக்ரோவை அணைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

வேலை எடுக்கும்போதும் கொடுக்கும்போதும்

படம் எங்கே போகப்போகிறது என்று முதல் அழைப்பிலேயே கேளுங்கள். அமேசனில் விற்கிற ஏற்றுமதிக்காரரின் முதன்மைப் படத்துக்குத் தூய வெள்ளைப் பின்புலம் கட்டாயம், பொருள் சட்டத்தில் 85 வீதத்தை நிரப்ப வேண்டும். அங்கே மங்கலுக்கு இடமே இல்லை. இரண்டாவது, மூன்றாவது படங்களில்தான் அதற்கு இடம். ஊபர் ஈட்ஸ், பிக்மீ போன்ற உணவுச் செயலிகளில் படம் விரல் நகம் அளவில்தான் தெரியும். அதற்கு எளிய ஒரே நிறப் பின்புலமும் நெருக்கமான தட்டும் போதும், நுணுக்கமான அரை மங்கல் அங்கே வீண். முகநூலுக்கும் இன்ஸ்டகிராமுக்கும் என்றால் நான்குக்கு ஐந்து அளவில் நெட்டாகச் சட்டம் போட்டுப் பழகுங்கள்.

கொழும்பில் விளம்பரம் என்றால் பெரும்பாலும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் அதில் ஏறும். வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துப் பழகியவர்கள் ஒரு வரிக்கு மட்டும் இடம் விடுவார்கள், பிறகு வடிவமைப்பாளர் தமிழ் வரியைச் சுருக்கி ஒரு மூலையில் ஒட்டுவார். மங்கிய பகுதியில் மூன்று வரி இடம் இருக்கட்டும். அந்தப் பகுதி ஒரே வெளிச்சத்தில், வட்டங்களும் திட்டுகளும் இல்லாமல், எழுத்து தெளிவாக நிற்கும்படி இருக்கட்டும். தமிழ் வாசிக்கும் நீங்கள்தான் அந்த வரிக்கு இடம் கேட்டு வாதாட வேண்டும், வேறு யாரும் வாதாடப் போவதில்லை.

மங்கிய பின்புலம் கோப்பாக மாறும்போது ஒரு சிக்கல் வரும். மெல்ல மாறும் நிறம் ஜேபெக்கில் சுருங்கும்போது படிப்படியான வளையங்களாக உடைந்து தெரியும். ரோ கோப்பாக எடுங்கள், 16 பிட்டில் திருத்துங்கள், கடைசியில் மிக இலேசான கிரெயின் சேருங்கள், வளையம் மறைந்துவிடும். லைட்ரூமில் உள்ள லென்ஸ் பிளர் கருவியைப் பயன்படுத்தினால், முடித்தபின் படத்தை 200 வீதம் பெரிதாக்கிப் பொருளின் விளிம்பு முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். பிழை இருப்பது எப்போதும் விளிம்பில்தான். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டொக்கியுமென்ட்டாக அனுப்பச் சொல்லி உதவியாளருக்கும் பழக்குங்கள். படமாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கப்பட்டு, வளையங்கள் மீண்டும் தலைகாட்டும், வாடிக்கையாளர் உங்கள் கமராவைக் குறை சொல்வார்.

விலை பேசும்போது பின்புலத்தைத் தனி வரியாக எழுதுங்கள். ஒரு பொருள், ஒரு பின்புலம், இத்தனை படம். “இதே போத்தலை அந்தச் சேலைக்கு முன்னாலையும் ஒண்டு எடுங்கோவன்” என்று முதலாளி நின்ற நிலையில் சொல்வது சின்ன விஷயம்போலத் தோன்றும். சேலையை மாற்றினால் வெளிச்சம் மாறும், வெளிச்சம் மாறினால் அப்பர்ச்சரும் தூரமும் மறுபடி பார்க்க வேண்டும். அது புதிய படம். முதல் பின்புலத்தில் எடுத்த ஒன்றைத் திரையில் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகே அடுத்த பொருளை மேசையில் வையுங்கள். அவர் எந்தப் பின்புலத்துக்கு, எந்த அளவு மங்கலுக்குச் சரி என்றார் என்பதை அப்பர்ச்சர் எண், தூரங்களோடு ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே முதலாளி புதிய சுவையில் இன்னொரு போத்தலோடு வந்து, பழைய படத்துக்குப் பக்கத்தில் வைக்க அச்சாக அதே மாதிரி வேண்டும் என்பார்.